பழைய காலை கொண்டு வரவும்

எங்கள் நிலையத்துக்கு இருப்பது ஒரு கட்டடம், ஒரு வேலைக்கூடம், ஒரு தொலைபேசி. இணையத்தளங்கள் மட்டும் மூன்று. முகநூல் பக்கத்தையும் சேர்த்தால் நான்கு.

வவுனியாவிலிருந்து மன்னார் வீதியால் பூவரசங்குளம் பக்கம் போகும்போது, பிரதான வீதியிலிருந்து சற்று உள்ளே இருக்கிறது அந்த நிலையம். செயற்கைக் கால் செய்து கொடுப்பதுதான் வேலை. நான் அங்கே அலுவலக உதவியாளர். சேர்ந்தபோது கடிதம் அடிப்பது, பதிவேடு எழுதுவது, வருகிறவர்களைக் கதிரையில் இருத்தித் தண்ணீர் கொடுப்பது என்றுதான் சொன்னார்கள். தமிழில் வேகமாகத் தட்டச்சு செய்வேன் என்பது தெரியவந்த கிழமையே இணையத்தளங்களும் என் மேசைக்கு வந்துவிட்டன.

முதலாவது தளத்தை, போர் முடிந்த மீள்குடியேற்றக் காலத்தில் ஒரு வெளிநாட்டுத் திட்டம் செய்து கொடுத்தது. திட்டம் முடிந்து, வந்தவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். தளம் மட்டும் போகவில்லை. இரண்டாவது, கனடாவில் இருக்கும் ஓர் அண்ணா இலவசமாகச் செய்து தந்தது. நல்ல மனிதர். ஊருக்கு ஏதாவது செய்யவேண்டும் என்ற துடிப்பு உள்ளவர். அந்தத் துடிப்புத்தான் பிறகு எனக்குத் தலையிடியாக வந்தது. மூன்றாவது, கொழும்பிலுள்ள ஒரு சம்மேளனம் நடத்தும் விபரக்கொத்து. அதில் எங்களுக்கு ஒரு பக்கம் உண்டு. மூன்றையும் திறந்து மாற்றும் அதிகாரம் என்னிடம் இல்லை. என் கையில் இருந்தது முகநூல் மட்டும்தான்.

ஒரு வருடம், காலுக்கு அளவு எடுக்கும் நாளைச் செவ்வாயிலிருந்து வியாழனுக்கு மாற்றினோம். உடற்பயிற்சி சிகிச்சையாளர் வியாழனில்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வரக்கூடியதாக இருந்தது. நேரத்தையும் காலை எட்டிலிருந்து ஒன்பதரைக்குத் தள்ளினோம், முல்லைத்தீவு பஸ்ஸில் வருகிறவர்கள் ஓடிவரத் தேவையில்லை என்று. நான் முகநூலில் போட்டேன். படலையில் மட்டை ஒன்றில் எழுதிக் கட்டினேன். மற்ற மூன்று இடங்களுக்கும் தகவல் அனுப்பினேன். அனுப்பினால் மாற்றுவார்கள் என்று நம்பியது என் முதல் பிழை.

இரண்டு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, ஒட்டுசுட்டானுக்கு உள்ளே ஒரு குடியேற்றத்திலிருந்து ஓர் அம்மா வந்து இறங்கினார். ஐம்பதைத் தாண்டியவர். நிலத்தில் கச்சான்கடலை பயிர் செய்கிறவர் என்று பிறகு தெரிந்தது. இரண்டு ஊன்றுகோலையும் கதிரையில் சாய்த்துவிட்டு, இடது முழங்காலுக்குக் கீழே சேலையைச் சரிசெய்துகொண்டு, “பிள்ளை, காலுக்கு அளவு குடுக்க வந்தனான்” என்றார்.

“அம்மா, அளவு வியாழக்கிழமையில எல்லோ எடுக்கிறம்.”

அவர் கைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். எங்கள் தளம் ஒன்றிலிருந்து, கச்சேரி அலுவலகத்துக்குப் பக்கத்துக் கடையில் அச்சடித்தது. மேலே எங்கள் நிலையத்தின் பெயர், எங்கள் சின்னம். கீழே செவ்வாய்க்கிழமை, காலை எட்டு மணி.

“இது உங்கட பேர்தானே?”

“ஓம், அம்மா.”

“உங்கட பேரைப் போட்டு உங்களுக்குத் தெரியாம ஆரும் எழுதினவையோ?”

உண்மையில் அப்படித்தான் இருந்தது. அதில் இருந்த தொலைபேசி இலக்கத்துக்கும் மகள் மூன்று தரம் எடுத்துப் பார்த்தாளாம். அந்த இலக்கம் நாங்கள் பழைய கட்டடத்தை விட்ட நாளோடு செத்துப்போனது.

நான் வேலைக்கூடத்துக்கு ஓடினேன். எங்களுடைய கால் செய்கிறவர் முல்லைத்தீவுப் பக்கத்துத் தண்ணீரூற்றுக்காரர். சின்ன வயதில் குடும்பத்தோடு புத்தளத்துக்குப் போய், தொழிலும் பழகி, கலியாணமும் முடித்து, திரும்பி வந்தவர். முஸ்லிம் அண்ணன்மாரை அழைப்பதுபோல எல்லோரும் அவரை நானா என்றுதான் கூப்பிடுவோம். கைவேலையில் பொறுமை, கதையில் அது அறவே கிடையாது.

“அடுப்பில பிளாஸ்டிக் தகடு கிடக்கு தங்கச்சி. இப்ப எடுக்காட்டிக் கருகிப் போகும். நாளைக்கு ரெண்டு பேருக்குப் பொருத்தவேணும். நான் எப்பிடி அளவெடுக்கிறது?”

“ஒட்டுசுட்டானில இருந்து வந்திருக்கிறா, நானா.”

“அவாவை ஆர் செவ்வாய்க்கிழமை வரச் சொன்னது?”

“நாங்கள்தான்” என்றேன்.

அந்த வியாழன் நானாவுக்கு முல்லைத்தீவில் நடமாடும் சேவை. ஆகவே அதற்கு அடுத்த வியாழனுக்குத்தான் அந்த அம்மாவுக்கு நாள் கொடுக்க முடிந்தது. அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும். தேத்தண்ணி குடித்துவிட்டு, “அப்ப வாற வியாழன் விட்டு அடுத்தது. வேற என்ன கொண்டு வரவேணும்?” என்று கேட்டார்.

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்து சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் எனக்கு அப்போது ஒரே ஆத்திரம். அந்த ஆத்திரத்தோடு ஒரு வீம்பும் சேர்ந்துகொண்டது. “எல்லா விபரத்தையும் இண்டைக்கே சரியாப் போடுறன் அம்மா. மகளைக் கனடாப் பக்கத்தில பாக்கச் சொல்லுங்கோ. அதுதான் புதுசு” என்று தள முகவரியைத் தாளின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தேன். அவர் அதை மடித்து வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

அன்று பின்னேரமே ஒரு கொப்பியை எடுத்து, எங்கள் விபரம் எங்கெங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று பார்க்கத் தொடங்கினேன். மூன்று தளம் என்றுதான் நினைத்திருந்தேன். ஒவ்வொன்றிலும் தமிழ், சிங்களம், ஆங்கிலம் என்று மும்மடங்கு. முதலாவது தளத்தில் ‘எங்களைப் பற்றி’ என்ற பக்கத்தில் ஒரு நாள், ‘தொடர்புகளுக்கு’ என்ற பக்கத்தில் இன்னொரு நாள். சிங்களப் பக்கத்தை நானாவைக் கொண்டு வாசிப்பித்தேன். அதில் திங்கட்கிழமை. நாங்கள் திங்களில் ஒருநாளும் அளவு எடுத்ததே இல்லை. ஒரு தளத்தில் ‘செயற்கைக் கால்’, ஒன்றில் ‘பொய்க்கால்’, ஒன்றில் ‘செயற்கை அவயவப் பொருத்துகை’. மூன்றும் மூன்று நிலையம் என்றுதான் புதிதாகப் பார்க்கிற ஒருவர் நினைப்பார். கிராம சேவகரின் கடிதம் வேண்டும் என்று ஓரிடம், வேண்டாம் என்று ஓரிடம். பழைய காலையும் கொண்டுவரச் சொல்லும் வரி எங்கேயும் இல்லை. நானா ஒவ்வொரு வியாழனும் கத்துகிற விஷயம் அது. முகநூலில் மட்டும், அதுவும் கீழே யாரோ கேட்ட கேள்விக்குப் பதிலாக நான் எழுதியிருந்தேன்.

முதலாவது தளத்தின் கடவுச்சொல்லைத் தேடுவதில் மூன்று நாள் போனது. எங்கள் தலைவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். எதையும் எறியமாட்டார். அவருடைய அலுமாரியில் பழைய நாட்குறிப்பேடுகளைக் கிளறி, ஒரு பின்பக்கத்தில் கண்டுபிடித்தோம். உள்ளே போனால் தமிழ் முழுவதும் பழைய பாமினி எழுத்தில் இருந்தது. அந்த எழுத்துரு இல்லாத தொலைபேசியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த கூழாகத் தெரியும். நான் இப்போதைய எழுத்தில் அடித்து ஒட்டினால் தளம் அதை வெறும் பெட்டி பெட்டியாகக் காட்டியது. திரும்பப் பாமினியில் அடித்தேன். சேமிக்கும்போது பாதி வரி காணாமல் போனது. மறுபடி அடித்தேன். பக்கத்து அறையிலிருந்த தலைவர், “என்ன பிள்ளை, ஆரோட சண்டை?” என்று கேட்டார். நான் கணினியோடு வாய்விட்டுக் கதைத்துக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

கொழும்புச் சம்மேளனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். தலைவரின் கையொப்பத்தோடு, முத்திரை குத்திய கடிதம் தபாலில் வரவேண்டும் என்று பதில் வந்தது. அனுப்பினோம். கடிதம் ஆங்கிலத்தில் இருக்கவேண்டும் என்று அடுத்த பதில். அனுப்பினோம். மாற்றங்கள் வருடத்துக்கு ஒரு தரம்தான் பதிவேற்றப்படும் என்று மூன்றாவது பதில். அதை முதலாவது பதிலிலேயே சொல்லியிருக்கலாம்.

கனடா அண்ணாவுக்கு வட்ஸ்அப்பில் மாற்றங்களை வரிசையாக எழுதி அனுப்பினேன். நாள் வியாழன். நேரம் ஒன்பதரை. கிராம சேவகர் கடிதம் தேவையில்லை. கடைசி வரி: பழைய காலை கொண்டு வரவும். ‘செய்துவிட்டேன் தங்கச்சி’ என்று மறுநாளே பதில் வந்தது. தளத்தைத் திறந்தேன். மேலே வியாழக்கிழமை என்று இருந்தது. அன்றைக்கு நான் ஏற்கனவே களைத்துப் போயிருந்தேன். மேல் வரியோடு மூடிவிட்டேன்.

அந்த அம்மாவுக்குச் சொன்ன வியாழன் வந்தது. நான் எட்டரைக்குப் போய்ப் படலையைத் திறக்கும்போது, வெளியே கிடந்த மர வாங்கில் அந்த அம்மா இருந்தார். ஊன்றுகோல் இரண்டும் பக்கத்தில். சேலைக் கரை நனைந்திருந்தது.

“என்னம்மா இவ்வளவு வெள்ளன?”

“எட்டு மணி எண்டெல்லோ போட்டிருக்கு. நான் எட்டுக்கு முதலே வந்திட்டன். ஒருத்தரையும் காணேல்லை.”

எட்டு மணிக்கு வரவேண்டுமென்றால் அவர் முதல் பஸ்ஸைப் பிடிக்கவேண்டும். முதல் பஸ்ஸைப் பிடிக்க இருளோடு வீதிக்கு வரவேண்டும். அந்தக் கிழமை அவர்களுடைய பக்கத்தில் யானை நின்றது. அவருடைய மனுசன் முன்னால் டோர்ச் அடித்துக்கொண்டு, யானைவெடியைக் கையில் வைத்துக்கொண்டு நடக்க, இவர் பின்னால் ஊன்றுகோலில் வந்திருக்கிறார். ஒரு திருப்பத்தில் பற்றைக்குள் கொப்பு முறியும் சத்தம் கேட்டு, இரண்டு பேரும் பனி விழுந்த புல்லுக்குள் கன நேரம் அசையாமல் நின்றார்களாம். இதையெல்லாம் அவர் ஒரு முறைப்பாடாகச் சொல்லவில்லை. சேலை ஏன் நனைந்தது என்று நான் கேட்டதற்குப் பதிலாகத்தான் சொன்னார்.

நான் உள்ளே போய்க் கனடாத் தளத்தைத் திறந்தேன். வியாழக்கிழமை, காலை எட்டு மணி. பழைய கால் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

ஒன்பதரைக்கு நானா வந்து அந்த அம்மாவைப் பார்த்துவிட்டு முதல் கேட்டது அதைத்தான். “பழைய கால் எங்க?”

“அது வீட்டில. பாதத்தில வெடிச்சுப் போச்சு. போட ஏலாது. அதுதானே புதுசுக்கு வந்தனான்.”

நானா என்னைப் பார்த்தார். “தங்கச்சி, பழைய காலில எங்க தேஞ்சிருக்கு எண்டு பாத்தாத்தான் புதுக் காலில எங்க நோகும் எண்டு எனக்குத் தெரியும். எத்தினை தரம் சொன்னனான்? எழுதிப் போடுங்கோ எண்டு எத்தினை தரம் சொன்னனான்?”

“எழுதினனான், நானா.”

“எங்க எழுதினீங்க?”

அந்த அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு முதன்முறையாக அவருடைய குரல் உயர்ந்தது. “நான் ஒண்டு கேக்கிறன். நீங்கள் ஒரு இடத்தில இருந்து வேலை செய்யிற ஆக்கள்தானே? ஒரு பேப்பரில ஒண்டும் மற்றப் பேப்பரில இன்னொண்டும் எழுதிவைச்சா, நான் எதைப் பாத்து வாறது? எனக்கு ரெண்டு தரம் வரக் கால் இருக்கோ?”

நான் வெளியே போய்க் கனடாவுக்கு எடுத்தேன். அங்கே படுக்கப் போகிற நேரமாக இருக்கும். நான் கத்துவதை அவர் முழுவதும் கேட்டார். பிறகு மெதுவாக, “தங்கச்சி, நீங்கள்தானே எழுதினீங்கள்?” என்றார்.

“என்னத்தை எழுதினனான்?”

“கடைசி வரியைப் பாருங்கோ. பழைய காலை கொண்டு வரவும். முதல் ஒன்பதரை எண்டு எழுதியிருந்தீங்கள். பிறகு மனம் மாறி, பழைய காலை நேரத்தையே திரும்பக் கொண்டு வரச் சொல்லுறீங்களாக்கும் எண்டு நினைச்சு எட்டு மணியைப் போட்டன். காலைக்குப் பிறகு ஒரு ‘க்’ போட்டிருந்தா நான் கால் எண்டு விளங்கியிருப்பன்.”

ஒற்று மிகும், மிகாது என்று பள்ளிக்கூடத்தில் படித்தபோது, இதனால் ஒருவர் யானைக்குப் பயந்து இருட்டுக்குள் நிற்பார் என்று எங்கள் தமிழ் ரீச்சர் சொல்லித் தரவில்லை. ஆத்திரம் முழுவதும் அப்படியே திரும்பி என்மேல் வந்தது. அதோடு அவர்மேலும் கொஞ்சம் இருந்தது. சந்தேகம் வந்தால் கேட்கிறதுதானே?

உள்ளே வந்தபோது அந்த அம்மா தன் தொலைபேசியில் மனுசனோடு கதைத்துக்கொண்டிருந்தார். “பழைய கால் தட்டிக்குப் பின்னால கிடக்குது பாருங்கோ. உரப்பைக்குள்ள போட்டுக் கட்டி, முல்லைத்தீவு பஸ் வரேக்க கொண்டக்டரிட்டக் குடுங்கோ. வவுனியாவில ஒரு பிள்ளை வந்து வாங்கும்.” அழைப்பை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “நீங்கள்தான் போகவேணும்.”

பன்னிரண்டரைக்கு நான் ஸ்கூட்டியில் பஸ் நிலையத்துக்குப் போனேன். பஸ் ஒரு மணிக்குத்தான் வந்தது. கொண்டக்டர் முன் கதவடியிலிருந்து உரப்பையை எடுத்தார். ஒரு பக்கத்தால் பெருவிரல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

“இது உங்கட காலோ?” என்று அவர் என் இரண்டு காலையும் பார்த்தார்.

“எனக்குத்தான்” என்று வாங்கிக்கொண்டேன். விளக்கம் சொல்கிற நிலையில் நான் இல்லை.

நானா பையைப் பிரித்து, உள்விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார். கோபம் எங்கேயோ போய்விட்டது. “இஞ்ச பாருங்கோ, உள்பக்கம் எப்பிடித் தேஞ்சிருக்கு. இடுப்பும் நோகுதோ?” “நோகும்” என்றார் அந்த அம்மா, “ஒருத்தரும் கேக்கேல்லை.” பின்னேர பஸ்ஸுக்கு முன் நானா அளவு எடுத்து, அச்சுக்குச் சுற்றிய பிளாஸ்டர் சாந்து காய்ந்ததும் கழற்றிவிட்டார். நான் பஸ் வரைக்கும் கூட்டிக்கொண்டு போனேன். வழியில் ஒரு துண்டில், அடுத்தது வரவேண்டிய நாளையும் நேரத்தையும் என் சொந்தத் தொலைபேசி இலக்கத்தையும் கையால் எழுதிக் கொடுத்தேன். அவர் அதை வாசித்து, “இதுக்குப் பிறகு இதை மாத்தமாட்டியள்தானே?” என்று கேட்டார்.

மறுநாள் நான் ஒருவரிடமும் கேட்காமல் ஒரு வேலை செய்தேன். முதலாவது தளத்தைத் திறந்து, மூன்று மொழியிலும் இருந்த எல்லாப் பக்கத்தையும் அழித்தேன். நாள், நேரம், படிவம், பொருத்துகை, எங்கள் நோக்கு, எங்கள் பணிக்கூற்று, எல்லாம் போனது. எங்கள் தொலைபேசி இலக்கத்தோடு ஒரே ஒரு வரியை மட்டும் எழுதினேன்: ‘வருவதற்கு முன் இந்த இலக்கத்துக்கு அழையுங்கள்.’ கனடா அண்ணாவுக்கும் அதே வரியை அனுப்பி, மற்ற எல்லாவற்றையும் எடுக்கச் சொன்னேன். அந்த வரியில் ஒற்றுகளை நாலு தரம் பார்த்தேன்.

அவருக்குப் பெரிய மனவருத்தம். எத்தனை சனி ஞாயிறு இருந்து செய்த தளம். தலைவருக்கு எடுத்து முறையிட்டார். தலைவர் என்னைக் கூப்பிட்டு, “பிள்ளை, திட்டக்காரர் தந்த தளத்தை அழிச்சது பிழை. நாளைக்கு அவையள் பாத்தா என்ன நினைப்பினம்?” என்றார்.

“சேர், அவையள் ஆரும் எப்பவாவது அதைப் பாத்திருந்தா, சிங்களத்தில திங்கட்கிழமை எண்டு இருந்ததை ஆராவது எங்களுக்குச் சொல்லியிருப்பினம்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆசிரியராக இருந்தவர், மாணவர் எதிர்த்துக் கதைத்தால் செய்வது போல. “கேட்டுப் போட்டுச் செய்திருக்கலாம்” என்று மட்டும் சொன்னார். திரும்பப் போடச் சொல்லவில்லை. கனடா அண்ணா ஒரு மாதம் என்னோடு கதைக்கவில்லை. பிறகு தானாகவே எல்லாப் பக்கத்தையும் எடுத்துவிட்டு, அந்த ஒரு வரியைப் பெரிய எழுத்தில் போட்டிருந்தார். நிறம் மட்டும் அவருடைய விருப்பம். கடும் ஊதா.

கொழும்பு விபரக்கொத்து அசையவில்லை. அதைப் பார்த்துச் செவ்வாயில் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். மூன்றாவது ஆளைத் திருப்பி அனுப்பிய பிறகு நானா என் மேசைக்கு வந்து, “செவ்வாயில பின்னேரம் அடுப்பை நிப்பாட்டிப் போட்டு நான் அளவெடுக்கிறன். கொழும்பைத் திருத்துறதிலும் பாக்க அது லேசு” என்றார். தகட்டைச் சூடாக்குவதைக் காலையில் ஒன்றரை மணித்தியாலம் முன்தள்ளிக்கொண்டார். அதைப் பற்றி நாங்கள் எங்கேயும் எழுதவில்லை.

அந்த அம்மாவின் கால் நான்காவது கிழமை தயாரானது. அவர் சமாந்தரக் கம்பிகளுக்கு இடையில் இரண்டு தரம் நடந்து, மூன்றாவது தரம் கம்பியைப் பிடிக்காமல் நடந்தார். இடுப்பைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “இப்ப பறவாயில்லை” என்றார். மறுபடி ஒரு தரம் நடந்தார். பழைய காலையும் உரப்பையில் கட்டித் தரச் சொன்னார், வெடிப்பை ஒட்டிக் குளிக்கும்போது போடலாமாம்.

இப்போது தொலைபேசி நாள் முழுவதும் அடிக்கிறது. சோற்றில் கை வைத்தால் அடிக்கிறது. ஒரே விபரத்தை ஒரு நாளில் முப்பது தரம் சொல்கிறேன். வேண்டுமென்று குடித்த கசாயம்தானே, கசக்கிறது என்று யாரிடம் சொல்வது?

போன மாதம் ஓர் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. மாவட்டத்திலுள்ள சேவைகள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் தரும் புதிய இணையத்தளம் ஒன்று செய்கிறார்களாம். படிவத்தில் பதினொரு கட்டம். நான் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் மட்டும் எழுதி அனுப்பினேன். இரண்டு நாளில் ஓர் உத்தியோகத்தர் எடுத்தார்.

“மிஸ், மற்றக் கட்டமெல்லாம் வெறுமையா இருக்கு.”

“ஓம், வேணுமெண்டுதான் விட்டனான்.”

“நிரப்பாட்டிக் கணினி ஏற்காது, மிஸ்.”

“அப்ப எல்லாக் கட்டத்திலயும் அந்த நம்பரையே போடுங்கோ.”

அவர் சரி என்றார். நேற்று அந்தத் தளத்தைத் திறந்து பார்த்தேன். சேவை நாள் என்ற இடத்தில் எங்கள் தொலைபேசி இலக்கம். நேரம் என்ற இடத்தில் அதே இலக்கம். கொண்டு வரவேண்டியவை என்ற இடத்திலும் அதேதான். பார்க்கச் சரியான விசர் வேலையாக இருந்தது. ஒவ்வொரு இலக்கமாக, பத்து இடத்திலும் சரிபார்த்துவிட்டுத்தான் மூடினேன்.